பதினைந்து பையன்களும் ஒரு ஃபுட்பால் டீமும்: சிற்றூர்ப் பள்ளிகளுக்கு நியாயமான போட்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா, கான்சஸ், மேற்கு டெக்சஸ் பக்கம் போனால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை மொத்தமே அறுபது எழுபது பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அதே டெக்சஸில், டல்லாஸை ஒட்டிய ஆலன் நகரத்தின் உயர்நிலைப் பள்ளியில் பல ஆயிரம் பேர் படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் ஃபுட்பால் டீம் ஆடுவதற்காக 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் ஒன்றை 6 கோடி டாலர் செலவில் கட்டி 2012இல் திறந்தார்கள். இந்த இரண்டு வகைப் பள்ளிகளும் ஒரே மாநிலத்தில், ஒரே விளையாட்டு அமைப்பின் கீழ், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் அதே விளையாட்டை ஆடுகின்றன. யார் யாரோடு மோதவேண்டும், அதை எதை வைத்து முடிவு செய்வது என்ற கேள்விதான் 'போட்டி நியாயம்' என்று அங்கே பேசப்படும் விஷயம். ஒவ்வொரு மாநிலத்திலும் இது பல ஆண்டுகளாக ஓயாத வழக்கு.

இங்கே ஃபுட்பால் என்பது ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தோடு ஓடியும் அதை எறிந்தும் முன்னேறும் அமெரிக்கன் ஃபுட்பால். ஒரு பக்கத்துக்கு பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். இல்லாவிட்டால் எதிராளிக்குப் போகும். எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. இந்தக் கட்டுரையைப் படிக்க இவ்வளவு விதி போதும்.

தலைக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

கூடைப்பந்தில் களத்தில் ஐந்தே பேர். சின்னப் பள்ளியில் உயரமான அண்ணன் தம்பி இரண்டு பேர் கிடைத்துவிட்டால், பெரிய பள்ளியையே ஆட்டம் காண வைக்கலாம். ஃபுட்பாலில் அது நடக்காது. பெரிய பள்ளியில் பந்தோடு முன்னேறும் ஆட்டத்துக்கு ஒரு பதினொருவர், எதிராளியைத் தடுக்கும் ஆட்டத்துக்கு வேறு பதினொருவர். பந்தை உதைக்கும் கட்டங்களுக்குத் தனியாகச் சிலர் இருப்பார்கள். இவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று ஆள் பெஞ்சில் காத்திருப்பான்.

அறுபது பேர் படிக்கும் பள்ளியில் ஏறக்குறைய முப்பது பேர் பையன்கள். அதில் பாதிப்பேர் ஃபுட்பாலுக்கு வந்தாலே அது பெரிய விஷயம். ஆக, பதினைந்து பேர். அதில் நாலைந்து பேர் பதினான்கு வயதுப் பிள்ளைகள், மீசைகூட முளைக்காதவர்கள்.

இந்தப் பதினைந்து பேர் நாற்பத்தைந்து பேர் கொண்ட டீமோடு பதினொருவர் ஆட்டம் ஆடினால் என்ன ஆகும் என்று மூன்றாவது கால்பகுதியை மட்டும் உற்றுப் பாருங்கள். நடுவில் நின்று தடுக்கும் பையன் இப்போதுதான் தன்னைவிட இருபது கிலோ கூடுதலான ஒருவனை ஐந்தாறு முறை முட்டி நிறுத்தியிருக்கிறான். பந்து கைமாறுகிறது. எதிரணியில் அந்தப் பதினொருவரும் வெளியே போய்த் தண்ணீர் குடிக்கிறார்கள். புதிதாகப் பதினொரு பேர் உள்ளே வருகிறார்கள். நம் பையன் அங்கேயே நிற்கிறான். இப்போது அவனே பந்தை வாங்கி ஓடவேண்டும். அது பலிக்காமல் பந்தை உதைத்து விட்டுக்கொடுத்தால், அதன் பின்னால் துரத்தி ஓடுவதும் அவனேதான். பிறகு மறுபடியும் தடுப்பு. முதல் பாதியில் 14-14 என்று இருந்த ஆட்டம் முடியும்போது 48-14 ஆகியிருக்கும். திறமையில் பெரிய குறை ஒன்றும் இல்லை, மூச்சு வாங்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தோற்பதைவிட எனக்குக் கவலை தருவது இதன் அடுத்த கட்டம். களைத்துப்போன உடம்பு சரியாக முட்டாது. தலை முந்திக்கொண்டு போகும், முழங்கால் தவறான கோணத்தில் திரும்பும். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்த ஆட்டக்காரரை வெளியே எடுக்கவேண்டும், மருத்துவத் தகுதியுள்ளவர் ஒப்புதல் எழுதித் தரும்வரை திரும்ப ஆடவிடக் கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 2009இல் சட்டம் போட்டது. பிறகு எல்லா மாநிலங்களும் இதே போன்ற சட்டத்தைக் கொண்டுவந்தன. மிக நல்ல சட்டம். ஆனால் பதினைந்து பேர் உள்ள டீமில் இரண்டு பேர் தலையில் அடிபட்டும் ஒருவன் கணுக்கால் பிசகியும் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் பன்னிரண்டு. இன்னும் இரண்டு பேர் போனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தையே ரத்து செய்யவேண்டும். அந்த நெருக்கடியில், 'எனக்கு ஒன்றும் இல்லை கோச்' என்று சொல்லும் பையனின் கண்ணைப் பார்த்து முடிவெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கோச் பல ஊர்களில் பகலில் பாடம் நடத்துபவர், ராத்திரி டீம் பஸ்ஸையும் ஓட்டுபவர்.

முதல் மருந்து: எண்ணிக்கைப்படி பிரிப்பது

பெரும்பாலான மாநிலங்கள் முதலில் கையில் எடுப்பது மாணவர் எண்ணிக்கையைத்தான். டெக்சஸை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யூஐஎல் என்ற அமைப்பு. நூறாண்டைத் தாண்டிய அமைப்பு, டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அக்டோபர் கடைசியில் ஒரு நாள் குறித்து, அன்றைக்கு ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேர் என்று எண்ணி, 1ஏ முதல் 6ஏ வரை ஆறு பிரிவாக வகுப்பார்கள். 2024 முதல் 2026 வரைக்குமான கணக்கில் 2,275 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 6ஏ. 105 முதல் 254 வரை 2ஏ. அதற்கும் கீழே இருந்தால் 1ஏ. ஃபுட்பாலில் பெரும்பாலான பிரிவுகளை மேலும் இரண்டாகப் பிளப்பார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் பட்டியல் வெளிவரும். எந்த ஊரோடு மோதவேண்டும், எத்தனை மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும் என்று பார்க்க மாநிலம் முழுவதும் கோச்சுகள் கூடி நிற்பார்கள்.

இது நியாயமான தொடக்கம். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. எண்ணிக்கை கூடக்கூட அதனால் வரும் லாபம் தேய்ந்துகொண்டே போகும். 2,300 பேர் உள்ள பள்ளிக்கும் 5,000 பேர் உள்ள பள்ளிக்கும் நடுவே காகிதத்தில் பெரிய இடைவெளி. ஆனால் இரண்டு இடத்திலும் நல்ல உடல்வாகுள்ள அறுபது பையன்கள் கிடைப்பார்கள். களத்தில் இறங்கப்போவது எப்படியும் பதினொரு பேர்தான். கீழ்மட்டத்திலோ, 110 பேர் உள்ள பள்ளியும் 250 பேர் உள்ள பள்ளியும் மோதினால், ஒரு பக்கம் பெஞ்சு நிறைய ஆள், மறுபக்கம் பெஞ்சே காலி. ஆகவே பிரிவுகளின் எல்லைக்கோடு மேலே அகலமாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே போகப்போக நெருக்கமாக இருக்கவேண்டும். பெரிய பள்ளிகளின் சாம்பியன்ஷிப்பைப் பற்றியே பேப்பர்களில் அதிகம் எழுதுகிறார்கள், ஆனால் எல்லைக்கோட்டால் உண்மையில் அடிபடுவது கடைசி இரண்டு பிரிவுகள்தான்.

இன்னொன்று, யாரை எண்ணுவது என்பது. டெக்சஸ் பையன், பெண் எல்லோரையும் சேர்த்து எண்ணுகிறது. ஓஹையோ ஃபுட்பாலுக்கு ஆண் மாணவர்களை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆயிரம் பேர் உள்ள பள்ளியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அறுபது பேர் உள்ள பள்ளியில் 38 பெண்கள், 22 பையன்கள் என்று அமைந்துவிடுவதும் உண்டு. அப்போது எண்ணும் முறையே டீமின் தலையெழுத்தை மாற்றிவிடும்.

எண்ணிக்கைக்கு அப்பால்

ஒரே எண்ணிக்கை உள்ள இரண்டு பள்ளிகள் சமமாகிவிடாது. கான்சஸில் ஸ்மித் சென்டர் என்று ஓர் ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. அந்தப் பள்ளி 2004 முதல் 2008 வரை ஐந்து வருடம் தொடர்ந்து மாநில சாம்பியன். கோச் ரோஜர் பார்ட்டாவின் கீழ் தொடர்ந்து 79 ஆட்டம் ஜெயித்து, 2009 இறுதி ஆட்டத்தில்தான் தோற்றது. 2007இல் ஓர் ஆட்டத்தில் முதல் கால்பகுதியிலேயே 72 புள்ளி எடுத்து 83-0 என்று முடித்தது. எதிரே நின்றதும் அதே பிரிவைச் சேர்ந்த பக்கத்து ஊர்ப் பள்ளிதான். பல ஆண்டு ஒரே கோச், சின்ன வகுப்பிலிருந்தே ஒரே ஆட்டமுறை, கோடை முழுவதும் உடற்பயிற்சி, ஊரே பின்னால் நிற்பது: இதையெல்லாம் எந்த எண்ணும் அளக்காது. அளந்து தண்டிக்கவும் கூடாது என்பது என் கருத்து. உழைத்து வந்த பலம் வேறு, அமைப்பே தூக்கிக் கொடுத்த பலம் வேறு.

அமைப்பு தூக்கிக் கொடுத்த பலத்தில் முதலாவது, ஆள் சேர்க்கும் எல்லை. அரசுப் பள்ளிக்கு வரையறுத்த பகுதி உண்டு; அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தான் வருவார்கள். தனியார் பள்ளி ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கலாம். இல்லினாய் மாநிலம் 2005இல் இதற்கு ஒரு பெருக்கல் கணக்கைக் கொண்டுவந்தது. வரையறுத்த எல்லை இல்லாத பள்ளியின் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கவேண்டும். 500 பேர் இருந்தால் 825 என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற பெரிய பிரிவில் போடுவார்கள். அலபாமா 1999இலேயே 1.35 என்று வைத்தது. டென்னசி அதற்கும் முன்பே, மாணவர்களுக்குப் பண உதவி கொடுத்துச் சேர்க்கும் தனியார் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவே ஒதுக்கிவிட்டது. பெருக்கல் கணக்கில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது: சிற்றூரில் தட்டுத்தடுமாறி நடக்கும் சின்ன கத்தோலிக்கப் பள்ளியையும் சிகாகோவின் பெரும்பள்ளியையும் ஒரே எண்ணால் பெருக்குகிறது. பிற்பாடு இல்லினாய், ஜெயித்துக் குவிக்காத பள்ளிகளுக்கு விலக்கு கொடுத்தது சரியான திருத்தம்.

இந்தியானா வேறு வழியில் போயிற்று. 2012இல் வந்த விதி அது. நாக்அவுட் போட்டியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளி, மாநில சாம்பியனுக்கு நான்கு. இரண்டு வருடத்தில் ஆறு புள்ளி சேர்ந்தால் அந்தப் பள்ளி அடுத்த பெரிய பிரிவுக்கு ஏறவேண்டும். தனியார், அரசு என்ற பேதம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிற்றூர்ப் பள்ளியில் இது எப்படி விழும் என்று பாருங்கள். அங்கே ஒரு நல்ல டீம் அமைவது, பதினைந்து பதினாறு வருடத்துக்கு முன்னால் அந்த ஊரில் எத்தனை ஆண் குழந்தைகள் பிறந்தன என்பதைப் பொறுத்தது. எப்போதாவது ஒரு தலைமுறை சேர்ந்து அமையும். அவர்கள் ஜெயிப்பார்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போய்விடுவார்கள். பெரிய பிரிவில் போய் அடிவாங்குவது பின்னால் வரும் தம்பிமார்கள். வருடா வருடம் புதுத் திறமையை வெளியிலிருந்து கொண்டுவரும் பள்ளிக்கு இந்த விதி சரியாகப் பொருந்துகிறது. பிறப்புக் கணக்கை நம்பியிருக்கும் பள்ளிக்குப் பொருந்தவில்லை.

மின்னசோட்டாவின் யோசனை எனக்கு இவற்றைவிட நெஞ்சுக்கு நெருக்கமானது. பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் பிள்ளைகளில் 40 சதவீதத்தை மொத்த எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். 200 பேர் படித்து அதில் 100 பேர் அந்த உணவு பெற்றால், 40 கழித்து 160 என்று கணக்கு. வீட்டில் வருமானம் குறைந்த பையன் பள்ளி விட்டதும் வேலைக்குப் போகிறான், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறான், கோடைப் பயிற்சி முகாமுக்குப் பணம் கட்ட முடியாது. ஆகவே தலை எண்ணிக்கையில் அவன் இருந்தாலும் டீமில் இருக்கும் வாய்ப்பு குறைவு. அயோவாவும் ஃபுட்பாலுக்கு இதே வழியை எடுத்துக்கொண்டது. இதிலும் சிக்கல் உண்டு: நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தில் சின்ன ஊர்களில் விண்ணப்பமே போடாத குடும்பங்கள் இருக்கும். இருந்தாலும், வறுமைக்கும் ஆட்டக்களத்துக்கும் தொடர்பு உண்டு என்று விதிப்புத்தகத்திலேயே எழுதியது பெரிய காரியம்.

ஆட்டத்தையே மாற்றிய வாத்தியார்

இதுவரை சொன்ன எல்லாம் யாரை எந்தக் கட்டத்தில் போடுவது என்ற கணக்கு. 1934இல் நெப்ராஸ்காவில் செஸ்டர் என்ற சிற்றூரில் ஸ்டீபன் எப்லர் என்ற இளம் ஆசிரியர் வேறு மாதிரி யோசித்தார். பொருளாதார வீழ்ச்சியும் வறட்சியும் அந்தச் சமவெளியைப் பிழிந்துகொண்டிருந்த காலம். பதினொரு பேரைத் திரட்ட முடியாததால் பல பள்ளிகளில் ஃபுட்பாலே கிடையாது. பதினொரு பேர் இல்லையென்றால் ஆறு பேரை வைத்து ஆடினால் என்ன என்று அவர் புது விதிகளை வகுத்தார். அந்த வருடம் செப்டம்பரில் ஹெப்ரான் என்ற ஊரில், பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பையன்களைச் சேர்த்து அமைத்த இரண்டு டீம்கள் முதல் சிக்ஸ்-மேன் ஆட்டத்தை ஆடின. 19-19, சமநிலை.

அந்த ஆட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. டெக்சஸில் 1ஏ பிரிவு முழுக்க சிக்ஸ்-மேன்தான். மைதானம் 100 கஜத்துக்குப் பதில் 80 கஜ நீளம், 40 கஜ அகலம். ஆறு பேருக்குத் தாராளமான இடம் என்பதால் ஓட்டம் எளிது. அதை ஈடுகட்ட பத்து கஜத்துக்குப் பதில் பதினைந்து கஜம் முன்னேறவேண்டும். ஆறு பேரில் யாரும் பந்தை எறிந்து வாங்கலாம், நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் தள்ளிவிடும் பையன் உட்பட. பதினொருவர் ஆட்டத்தில் அவனுக்குப் பந்தைப் பிடிக்கும் வாய்ப்பே வராது. முதலில் பந்தைக் கையில் வாங்குபவன் தானே கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது, வேறொருவரிடம் கொடுத்தாக வேண்டும். இதனால் ஒரே ஒரு வேகக்காரனை வைத்துக்கொண்டு ஆட்டத்தை விழுங்கிவிட முடியாது. டச்டவுனுக்குப் பிறகு பந்தை உதைத்துக் கம்பத்துக்குள் அனுப்பினால் இரண்டு புள்ளி, ஓடியோ எறிந்தோ கொண்டுபோனால் ஒன்று. பெரிய ஆட்டத்தில் இது தலைகீழ். காரணம் எளிது: உதைப்பவனுக்கு முன்னால் நின்று காக்க மிகச் சிலரே இருப்பார்கள்.

பாதி ஆட்டம் முடிந்த நேரத்திலோ அதற்குப் பிறகோ ஒரு டீம் 45 புள்ளி முன்னிலை பெற்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. நான் படித்த விதிகளிலேயே மிகவும் மனிதத்தன்மை உள்ள விதி இது. தோற்கும் பிள்ளைகளைக் கடைசிவரை நிற்கவைத்து வதைக்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

ஆறுக்கும் பதினொன்றுக்கும் நடுவே வேறு அளவுகளும் உண்டு. நெப்ராஸ்கா, கான்சஸ், அயோவா, மிஷிகன் முதலிய மாநிலங்களில் எட்டுப் பேர் ஆட்டம். மின்னசோட்டா, டகோட்டா மாநிலங்களில் ஒன்பது பேர். எட்டுப் பேர்கூடத் தேறாவிட்டால் இரண்டு மூன்று ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து கூட்டு டீம் அமைக்கலாம். தலைமுறையாக மோதிக்கொண்ட இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே ஜெர்சி போடவேண்டும். எந்த ஊர் மைதானத்தில் ஆடுவது, ஜெர்சிக்கு யாருடைய நிறம் என்று பெரியவர்கள் சண்டைபோடுவார்கள். பிள்ளைகள் இரண்டாவது வாரத்திலேயே சேர்ந்து பழகிவிடுவார்கள்.

சிக்ஸ்-மேனுக்கு எதிரான பெரிய தடை விதிப்புத்தகத்தில் இல்லை. 'எங்கள் அப்பா பதினொரு பேர் ஆட்டத்தில் கோப்பை வாங்கினார், நாங்கள் சின்ன ஆட்டத்துக்கு இறங்குவதா' என்ற ஊர்க் கௌரவம்தான் அது. அந்தக் கௌரவத்தை நான் குறைசொல்ல மாட்டேன், பல ஊர்களில் மிச்சமிருக்கும் கடைசிப் பெருமை அந்தக் கோப்பை. ஆனால் அதைக் காப்பாற்றுவதற்காகப் பதினான்கு வயதுப் பையனைப் பதினெட்டு வயதுக்காரன் முன்னால் நிறுத்துவது நியாயம் இல்லை. டெக்சஸில் சிக்ஸ்-மேன் இறுதி ஆட்டங்களையும் தொழில்முறை டீமான டல்லாஸ் கௌபாய்ஸ் ஆடும் ஆர்லிங்டன் ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில்தான் நடத்துகிறார்கள். 6ஏ பையன்கள் ஓடும் அதே தரையில், அதே வாரத்தில், அறுபது பேர் பள்ளியும் ஓடுகிறது. மற்ற மாநிலங்கள் பின்பற்றவேண்டியது இந்த மரியாதையை.

இன்று எங்கே இடிக்கிறது என்றால், நடுவில் மாட்டிக்கொண்ட பள்ளிகளில். மிஷிகனிலும் நெப்ராஸ்காவிலும் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிய பள்ளி விரும்பினால் எட்டுப் பேர் ஆட்டத்துக்கு இறங்கலாம், ஆனால் பிளேஆஃபில், அதாவது மாநில சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட் போட்டியில், ஆட முடியாது. பலமான பள்ளி வேண்டுமென்றே கீழே இறங்கிக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகாமல் இருக்க வைத்த விதி. அந்த அளவில் சரி. ஆனால் 230 பேர் படித்தும் பதினாறு பேர் மட்டுமே ஃபுட்பாலுக்கு வரும் பள்ளி என்ன செய்யும்? பிளேஆஃப் ஆசையை விட்டுவிட்டுப் பாதுகாப்பாக ஆடுவதா, ஆசைக்காகப் பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்துவதா என்று அந்த கோச் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. தொடர்ந்து இரண்டு வருடம் இருபது பேருக்குக் குறைவாக வந்து, தோல்விகளும் அதிகம் உள்ள பள்ளிக்கு அடுத்த இரண்டு வருடம் பிளேஆஃப் உரிமையோடே கீழே ஆட அனுமதி கொடுக்கலாம். மீண்டு வந்தால் மேலே ஏற்றிவிடலாம். டீம் பட்டியல் எல்லாப் பள்ளியும் வைத்திருப்பதுதான். அதைக் கேட்டு வாங்கி எண்ணிப் பார்க்க மாநில அமைப்புக்கு ஒரு மதியம் போதும்.